மேப் அக்கா வேலையை ஊருக்குள் கொண்டுவந்த கதை

மேப் அக்காவை அவள் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துத் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருப்பாள். எந்த இடத்தில் வீடு வரலாம், எந்த இடத்தில் தொழிற்கூடம் வரலாம் என்று வரைபடம் போடும் திட்ட அலுவலகத்தில் அவளுக்கு வேலை. எந்நேரமும் கையில் ஒரு சுருட்டிய மேப் இருக்கும். காரில் ஏறும்போது அது யார் காதையாவது குத்தாமல் விடாது. பெயர் வைத்தது என் மாமா.

காரும் மாமாவுடையதுதான். அவர் மூக்குக்கண்ணாடி லென்ஸ் தேய்க்கும் கம்பெனியில் இருந்தார். நான் பல் செட் செய்யும் லேபில் இருந்தேன். நாலாவது ஆள் ஒரு கிடங்கில் வேலை பார்த்தவர். ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்துவதற்குள் வாயைப் பிளந்துவிடுவார் என்பதால் அவர் பெயர் கொட்டாவி. நாங்கள் நாலு பேரும் போகவேண்டிய இடம் ஒன்றுதான், நகரத்துக்கு வெளியே இருக்கும் பைபாஸ். எங்கள் ஊரில் ரயில் நிற்கும். ஆனால் அது பழைய நகரத்துக்குள் போகிற ரயில். பைபாஸ் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. திட்ட அலுவலகத்தையே அங்கேதான் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். அதைச் சொல்லி மாமா அக்காவைக் கிண்டல் பண்ணாத நாள் இல்லை.

இப்போது நினைத்தால் அந்தக் கார்தான் எங்களுக்கு இன்னொரு வீடு மாதிரி இருந்திருக்கிறது. ஹீட்டரைப் போட்டால் நிறுத்த முடியாது. பின் சீட்டில் ஒரு ஸ்பிரிங் துருத்திக்கொண்டிருக்கும். அதன்மேல் யார் உட்காருவது என்று தினமும் ஒரு பஞ்சாயத்து. நெரிசலில் வண்டி நிற்கும்போது அக்கா ஆரஞ்சை உரித்து ஆளுக்குச் சுளை சுளையாகக் கொடுப்பாள். கொட்டாவி தூக்கத்திலேயே கையை நீட்டுவார்.

அப்படி ஒரு நாள் நின்றபோதுதான் அவள் சொன்னாள். "அண்ணே, ரயில் இருக்கிற இடத்துல வேலை இல்ல. வேலை இருக்கிற இடத்துல ரயில் இல்ல. நம்ம ஊருக்கு நாலா பக்கத்துல இருந்தும் பஸ் வேற வருது. நாம என்னடான்னா காரைத் தூக்கிட்டு ஊரைவிட்டு ஓடறோம்."

"அதுக்காக ரயிலை வளைச்சு இங்க கொண்டுவர முடியுமாம்மா?"

"வேலையை வளைக்கலாமில்ல?"

மாமா சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

அந்த வருஷம் அவள் அலுவலகத்தில் புதுத் திட்டம் போட்டார்கள். புதுத் தொழிற்கூடங்கள் எல்லாம் பைபாஸ் ஓரத்திலேயே வரட்டும் என்பது பேச்சு. ரயிலும் பஸ்ஸும் சேர்கிற கிராமங்களில் பிரித்து வைக்கலாம் என்றாள் அக்கா. அதில் முதலாவதாக எங்கள் ஊர் ஸ்டேஷனுக்குப் பின்னால் பூட்டிக் கிடந்த தானியக் கிடங்குகளைக் காட்டினாள். "கிராமத்துல போய் யாரும்மா கம்பெனி வைப்பாங்க?" என்று கேட்டார் அவளுடைய மேலதிகாரி. நேரில் வந்து பார்க்கச் சொன்னாள். அவரும் ஒரு நாள் காலையில் ரயிலேறி வந்தார். சீட் கிடைத்ததாம், பேப்பர் படித்துக்கொண்டே வந்தாராம். கிடங்குகளைச் சுற்றிக் காட்டிவிட்டு, அலுவலகத்துக்குத் திரும்ப அவரை எங்கள் காரில் ஏற்றிவிட்டாள்.

ஸ்பிரிங் இருந்த இடம் அவருக்குக் கிடைத்தது. தோளில் கொட்டாவியின் தலை, காதோரம் மேப். பாலத்துக்கு முன்னால் நின்ற வண்டி நகரவே இல்லை. ரொம்ப நேரம் பொறுத்திருந்துவிட்டு, "தினமும் இப்படித்தானா?" என்றார்.

"இல்லீங்க சார், இன்னிக்கு எவ்வளவோ பரவாயில்ல," என்றார் மாமா.

அக்காவின் யோசனை மக்கள் கருத்துக் கேட்புக்கு வந்தது. பள்ளிக்கூட ஹாலில் கூட்டம். அங்கேதான் யாரும் எதிர்பார்க்காதது நடந்தது. எங்கள் மாமா எழுந்து நின்று இந்தத் திட்டம் வேண்டாம் என்றார். "லாரி பூரா எங்க தெருவழியா போகும். வீட்டு வாடகை ஏறும். வெளியாளுங்க காரை எங்க வாசல்ல நிறுத்திட்டுப் போவாங்க. இதுக்கு நாங்க போயிட்டு வர்றதே தேவல." ஹாலில் பாதிப் பேர் கை தட்டினார்கள். மேடை ஓரம் நின்ற அக்கா மேப்பைச் சுருட்டினாள், பிரித்தாள், மறுபடியும் சுருட்டினாள்.

மறுநாள் காரில் கொட்டாவிகூட விழித்துக்கொண்டிருந்தார். ஆரஞ்சு வந்தது. மாமாவின் பங்கு மட்டும் கியர் பக்கத்தில் அப்படியே கிடந்தது. பாலம் தாண்டியதும் அக்காதான் பேசினாள்.

"லாரி விஷயம் நீங்க சொன்னது சரிதான் அண்ணே. எனக்குத் தோணவே இல்ல. பின்பக்கம் மெயின் ரோட்டுல வாசல் வெச்சா தெருவுக்குள்ள வராது."

மாமா காரின் முன் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தார். "வாடகைக்கு என்ன பண்ணுவ?"

"கிடங்கு ஒண்ணை வீடுகளா மாத்தலாம்னு கேட்டிருக்கேன். கிடைக்குமான்னு தெரியல."

"கார் நிறுத்தறதுக்கு?"

"இடத்தைக் கொஞ்சமா வெச்சுட்டு, தெருவுல வெளியாள் நிறுத்தக் கூடாதுன்னு போர்டு வைக்கணும். அப்பதான் ரயில்ல வருவாங்க."

மாமா சுளையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

திட்டம் நிறைவேறியது. வீடுகள் மட்டும் கிடைக்கவில்லை. வாடகை மாமா சொன்னபடியே ஏறியது. கிடங்குகளை இடித்துக் கட்டி, வெள்ளையடித்து, பெரிய ஜன்னல் வைத்தார்கள். ஒரு ஆளும் நிலைக்கவில்லை. முதலில் வந்த தையல் கம்பெனி மழைக்காலம் முடிவதற்குள் மூட்டை கட்டியது. காலிக் கட்டடங்களில் புறாக்கள் குடியேறின, ஊரில் அதற்குப் புறா ஆபீஸ் என்று பெயர் விழுந்தது. கடைக்குப் போனால்கூட, "என்ன மேடம், புறாவுக்கெல்லாம் சம்பளம் போட்டாச்சா?" என்பார்கள். அக்கா சிரித்து மழுப்பிவிட்டு வந்து காரில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்காருவாள்.

அப்போது மாமாவின் கம்பெனி புதுப் பிரிவுக்கு இடம் தேடியது. முதலாளியிடம் போய் எங்கள் ஊரைச் சொன்னது மாமாதான். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. லென்ஸ் பட்டறை வந்தபிறகு எங்கள் லேபும் வந்தது. அப்புறம் ஒவ்வொன்றாக ஜன்னல்களில் விளக்கெரிந்தது. பக்கத்து ஊர்ப் பெண்கள் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். கொட்டாவிக்கு அங்கேயே காவல் வேலை கிடைத்தது. அந்த வேலையை அவருக்கு யார் கொடுத்தார்கள் என்று நாங்கள் விசாரிக்கவில்லை.

கடைசியாக நாலு பேரும் சேர்ந்து போன நாளில், அது கடைசி என்று தெரியாமலே போய் வந்தோம். மறு வாரம் நான் நடந்து வேலைக்குப் போனேன். லேபில் உட்கார்ந்த பிறகும், ஏதோ ஒன்றை எங்கேயோ விட்டுவிட்டு வந்த மாதிரியே இருந்தது.

அக்காவின் அலுவலகம் மட்டும் பைபாஸிலேயே இருந்தது. கார் போகாததால் அவள் ரயிலேறி, நகரத்தில் இறங்கி, பஸ் பிடித்துப் போனாள். எங்களைவிட அவளுக்குத்தான் பாடு அதிகம். ஒரு நாள் கேட்டேன்.

"உனக்கே வினை வெச்சுக்கிட்டியே அக்கா?"

"ஆமா. ஆரஞ்சு உரிச்சா வாங்கறதுக்கு ஆளில்ல. அதுதான் கஷ்டமா இருக்கு."

அந்தக் குளிர்காலத்தில் என் அத்தை சமையலறையில் மயங்கி விழுந்தாள். பக்கத்து வீட்டுக்காரி ஓடிப்போய்ச் சொல்ல, மாமா கையில் லென்ஸ் பொடியோடு பட்டறையிலிருந்து ஓடி வந்துவிட்டார். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதால் பிழைத்தாள். பேச்சுதான் கொஞ்சம் குழறும். மாமா பைபாஸில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று வீட்டில் யாரும் பேசவில்லை. அத்தை எழுந்து நடமாட ஆரம்பித்ததும் மாமா ஒரு மாலை ஸ்டேஷனுக்குப் போனார். ரயிலிலிருந்து இறங்கிய அக்காவின் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு வீடுவரை அவளோடு நடந்தார். என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். "எதுவும் பேசல. பை கனமா இருந்துச்சு," என்றார்.

காரை அடுத்த வருஷம் விற்றார். வாங்கியவர் பின் சீட்டை அழுத்திப் பார்த்து முகம் சுளித்தார்.

அக்கா ஓய்வு பெற்றுவிட்டாள். ஆனாலும் நான் வேலைக்குப் போகிற நேரத்தில் பல நாள் அவளை ஸ்டேஷன் வாசலில் பார்க்கிறேன். ரயில் வந்து கூட்டம் இறங்கும். கழுத்தில் அடையாள அட்டையோடு பிள்ளைகள் பேசிக்கொண்டே பின்பக்கக் கட்டடங்களுக்குப் போவார்கள். போன வாரம் அவள் ஸ்டேஷன் மாஸ்டரிடம் வெயிலுக்கு ஒரு கூரை போடச் சொல்லி மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். நான் கை காட்டினேன். "இரு, வர்றேன்," என்று சைகை செய்துவிட்டு மறுபடியும் அவரைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு நேரமாகிவிட்டது, நடந்தேன்.