நிலவுக்கு மட்டும் போட்ட குளிசை

யசிந்தாவுக்கு நிலவைக் கண்டால் பயம். பேய் பிசாசுக்குப் பயந்து அல்ல. நிலவு எறித்தால் கடலில் வலை மீனின் கண்ணுக்குப் பட்டுவிடும். மீன் விலகிப் போய்விடும். அதனால் நிலவு வட்டமாகிற நாட்களில் குருநகர் வள்ளங்களெல்லாம் கரையில் கிடக்கும், ஆண்கள் வீட்டில் கிடப்பார்கள். மற்ற நாட்களில் பொழுதுபடக் கடலுக்குப் போய், விடியத் திரும்பி, பகல் முழுக்கப் பிள்ளைகளின் இரைச்சலுக்குள் அடித்துப் போட்டவன்போல நித்திரை கொள்கிற சிமியோன், நிலவுக்குத்தான் புருஷனாய் வீட்டில் இருப்பான். அவன் கெட்டவன் இல்லை. குடித்துவிட்டுக் கை நீட்டுகிறவனும் இல்லை. அன்பானவன். அவளுடைய பயமே அந்த அன்பில்தான் இருந்தது.

ஆறாவது பிள்ளை நல்லபடி பிறந்தது. ஆனால் இரத்தம் நிற்கவில்லை. பாய் நனைந்து, சீலை நனைந்து, மண் தரையில் இறங்கி ஓடியது. யாரோ அந்தோனியாரைக் கூப்பிட்டார்கள், யாரோ கார் பிடிக்க ஓடினார்கள். காரின் பின் சீற்றில் கிடந்தபடி யசிந்தா தன் கால்களைப் பார்த்தாள். மெழுகுபோல வெளுத்து, வேறு யாருடைய கால்களோ போல இருந்தன. ஆஸ்பத்திரியில் அவளைத் தப்பவைத்த டொக்டர் ஒளித்துப் பேசவில்லை. இன்னொரு பிள்ளை உண்டானால் பிள்ளையும் இல்லை, நீயும் இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

அடுத்த வருஷமே பக்கத்து வளவு யோசப்பின் என்கிறவள் இன்னொரு பிள்ளை உண்டாகி அப்படித்தான் போனாள். செத்தவீட்டில் அவளுடைய கடைசிக் குழந்தை தவழ்ந்து போய், பெட்டிக்குள் கிடந்த தாயின் சட்டையைப் பிடித்து இழுத்தது. பாலுக்கு.

எழுபத்துமூன்றாம் ஆண்டு, கோதுமை மா தட்டுப்பட்டு, பாணுக்கு வரிசையில் நின்ற காலம். அரசாங்க மருத்துவிச்சி ஞானாம்பிகை உரும்பிராயிலிருந்து பஸ் ஏறி வந்து, குடையைப் பிடித்துக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாய் நடப்பார். குழந்தைகளுக்கு ஊசி போட்டாயிற்றா, கிணற்று நீரைக் கொதிக்க வைக்கிறீர்களா என்று கேட்டுக்கொண்டே குசினி அடுப்படி வரைக்கும் வந்துவிடுவார். அங்கே வந்ததும் குரலைத் தணிப்பார். பிள்ளை வேண்டும், வேண்டாம் என்று சொல்ல, பெறுகிறவளுக்கும் ஒரு வாய் இருக்கிறது என்று முதன்முதலில் யசிந்தாவிடம் சொன்னவர் அவர்தான்.

பிள்ளை உண்டாகாமல் இருக்க அவர் கொடுத்த குளிசைகளை மாதா படத்துக்குப் பின்னால் வைக்க யசிந்தாவுக்குக் கை வரவில்லை. மிளகாய்த்தூள் போட்டு வைக்கிற தகர ரின்னுக்குப் பின்னால் ஒளித்தாள். சிமியோனின் கை ஒருநாளும் போகாத இடம் அது.

"நாள் தவறாமல் போடவேணும் பிள்ளை. விளங்கினதோ?" என்றார் மருத்துவிச்சி.

யசிந்தா விளங்கியதென்று தலையாட்டினாள்.

மருத்துவிச்சி படலையைத் தாண்டியதும் அவளுக்கு வேறு யோசனை வந்தது. காய்ச்சல் இல்லாதவள் காய்ச்சலுக்குக் குளிசை போடுவாளா? புருஷன் கடலில் நிற்கும்போது இது எதற்கு? தினமும் விழுங்கினால் வயிற்றுக்குள் கல்லாய்த் திரளும் என்று வேறு ஊரில் கதை. ஆகவே நிலவு நாட்களில் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை என்பதால் சனி இரவும் போட்டாள். மற்ற நாட்களில் தொடவில்லை. கணக்குச் சரியாகத்தான் பட்டது. கடற்கரைப் பெண்ணுக்கு வேறு எந்தக் கணக்குத் தோன்றும்?

பயம் கொஞ்சம் விலகியதும் யசிந்தாவுக்கு வாய் திறந்தது. பூவரசுகளுக்குக் கீழே பெண்கள் கூடியிருந்து கிழிந்த வலைகளைப் பொத்துகிற இடத்தில் அவள்தான் கதையைத் தொடங்கினாள்.

"எடி ஸ்ரெல்லா, நாலு பெத்தது காணாதே உனக்கு? யோசப்பினைப் பாத்தனிதானே."

ஸ்ரெல்லா அடுத்த வீட்டுக்காரி, வயதில் இளையவள், நாக்கில் மூத்தவள். "பிரசங்கத்திலை சுவாமி சொன்னதை நீ கேட்கேல்லையோ?"

"கேட்டனான். சுவாமி பெத்தவரே?"

வலை குலுங்கக் குலுங்கச் சிரித்தார்கள்.

"தினமும் போட்டால் கல்லாய்த் திரளுமாமே."

"தினமும் என்னத்துக்கு? ஆம்பிளை கடலிலை நிக்கேக்கை குளிசை ஆருக்கு, மீனுக்கே? நிலவுக்குப் போடு. சனிக்கிழமைக்குப் போடு. காணும்."

இப்படித்தான் அந்த ஒழுங்கை முழுக்க நிலவுக்குக் குளிசை போடத் தொடங்கியது.

பாசையூர் அந்தோனியார் கோவிலில் கொடி ஏறிய கிழமை, மருத்துவிச்சி புதுப் பெட்டிகளோடு வந்தார். யசிந்தா பெருமையோடு ரின்னுக்குப் பின்னால் கைவிட்டு எடுத்துக் காட்டினாள்.

"இஞ்சை பாருங்கோ அம்மா, எவ்வளவு மிச்சம் பிடிச்சு வைச்சிருக்கிறன்."

ஞானாம்பிகை அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தேங்காய் துருவும் திருவலையிலேயே குந்திவிட்டார்.

"மற்ற நாளிலை போடேல்லையே?"

"மற்ற நாளிலை அவர் கடலிலை அம்மா."

"ஐயோ பிள்ளை, உது தேவையான அண்டைக்கு மட்டும் போடுற மருந்தில்லை. ஒவ்வொரு நாளும் விழுந்தால்தான் காக்கும். இடையிலை விட்டால் போட்டும் பிரயோசனமில்லை. நான் வடிவாய்ச் சொல்லேல்லையோ?"

"சொன்னனியள்."

"கடைசியாய் எப்ப முழுகினனி?"

தீட்டு வந்து முழுகிய நாளைத்தான் கேட்டார். யசிந்தா வாயைத் திறந்தாள். உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு முழுகிய நினைவே அவளுக்கு இல்லை. குருத்தோலை ஞாயிறு முடிந்த கையோடு முழுகியது, அவ்வளவுதான். வலைவேலை, பாண் வரிசை, பிள்ளைகளின் அம்மை என்று நாள் போனதே தெரியவில்லை. அடுப்பைப் பிடித்துக்கொண்டாள். அடுப்புச் சூடு கையில் ஏறியதுகூடத் தெரியவில்லை.

"இன்னும் நிச்சயமில்லை. விட்டு விட்டுப் போட்டாலும் நாள் பிந்தும்," என்றார் மருத்துவிச்சி. பிறகு மெதுவாய், "உப்பிடிப் போடச் சொல்லி ஆருக்கும் சொன்னியே?" என்று கேட்டார்.

வெளியே பூவரசுகளுக்குக் கீழே பெண்கள் சிரிக்கிற சத்தம் கேட்டது.

"நானும் கூட வாறன். நான் சொல்லுறன்," என்று மருத்துவிச்சி குடையை எடுத்தார்.

"வேண்டாம் அம்மா. பிழையாய்ச் சொன்னது நான். நானே போய்ச் சொல்லுறன்."

அந்தப் பயத்திலும் பிடிவாதம் விடவில்லை. அவள் பிறவி அப்படி. ஒவ்வொரு நாளும் தவறாமல் நடக்கிற ஒன்றோடு சேர்த்து ஞாபகம் வைக்கச் சொல் என்று மருத்துவிச்சி சொல்லி அனுப்பினார். யசிந்தா யோசித்துப் பார்த்தாள். நிலவு தேயும், வள்ளம் போகாது, பாண் கிடையாது. அந்தக் கரையில் தவறாமல் நடக்கிறது கோவிலில் மாலைச் செபத்துக்கு அடிக்கிற திரிகால மணி ஒன்றுதான்.

பூவரசடிக்கு நடந்தபோது கால் மணலில் புதைந்து புதைந்து வந்தது. தான் சொன்னது பிழை என்றாள். இனி மாலை மணி கேட்டதும் போடவேண்டும், நிலவோ இருட்டோ, புருஷன் இருந்தாலும் இல்லாவிட்டாலும். நாள் தள்ளிப்போனவள் முதலில் மருத்துவிச்சியைக் காணவேண்டும் என்றாள்.

"கோவில் மணிக்குக் குளிசையோ? சுவாமி அறிஞ்சால்?" என்றாள் ஒருத்தி.

"மணி சுவாமிக்கு மட்டுமே அடிக்கிறது?" என்றாள் யசிந்தா. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

ஸ்ரெல்லா கையிலிருந்த வலையை மடியில் விட்டாள். "நான் ஒவ்வொரு நாளும் விடியச் சத்தி எடுக்கிறன். பழஞ்சோறு ஒத்துக்கொள்ளேல்லை எண்டிருந்தன்." யசிந்தாவின் பக்கம் திரும்பினாள். "நான் செத்தால் என்ரை நாலையும் நீ பாப்பியே?"

"பாப்பன்."

"உனக்கே ஆறு. நீயும் செத்தால்?"

யசிந்தா ஸ்ரெல்லாவின் மடியில் கிடந்த வலையை எடுத்துப் பொத்தத் தொடங்கினாள்.

நிலவு நாட்கள் வந்தன. சிமியோன் வளவில் இருந்து கயிறு முறுக்கிக்கொண்டிருந்தான். பிள்ளைகளைக் கடைக்கு அனுப்பிவிட்டு அவன் முன்னால் போய் நின்றாள்.

"இஞ்சருங்கோ, நான் முழுகேல்லை."

கயிறு நின்றது.

"டொக்டர் எனக்கும் சொன்னவர்," என்றான் நிலத்தைப் பார்த்தபடி.

"பிறகேன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் நீ பயந்துபோவாய் எண்டு."

"நான் பயந்துகொண்டுதானே இருக்கிறன். தனிய."

அவன் கயிற்றை மறுபடி முறுக்கத் தொடங்கினான். அவள் விட்டுவிடவில்லை. குளிசையைப் பற்றிச் சொன்னாள், ரின்னைப் பற்றிச் சொன்னாள், நிலவைப் பற்றிச் சொன்னாள். இந்த முறை கடவுள் தப்பவைத்தால் இனிப் பிள்ளை வராமல் ஒப்பிறேசன் செய்யப்போவதாயும், அதற்குப் புருஷன் ஆஸ்பத்திரிக்கு வந்து சம்மதம் சொல்லவேண்டுமாம் என்றும் சொன்னாள்.

"கரையிலை சிரிப்பாங்கள்."

"சிரிக்கட்டும். என்ரை செத்தவீட்டிலை சிரிக்கமாட்டினந்தானே."

சிமியோன் கயிற்றைப் போட்டுவிட்டு எழுந்து கடற்கரைப் பக்கம் போய்விட்டான். அவன் அடித்திருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு பயம் வந்திராது. ஓம் என்றும் சொல்லாமல், இல்லை என்றும் சொல்லாமல் போகிற முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த நிலவு முழுக்க அவன் வள்ளத்தடியிலேயே படுத்தான்.

அந்த நாட்களில் அவள் சாப்பிட்டது சாப்பாடில்லை. மூத்தவளுக்குச் சோறு வடிக்கப் பழக்கினாள். தன்னுடைய நல்ல சீலைகளை மடித்து ஒரு பக்கமாய் வைத்தாள். கடைக்குட்டி மடியில் ஏறினால், பழக்கம் விடட்டும் என்று இறக்கி விட்டாள். பிறகு மனம் கேளாமல் தூக்கிக்கொண்டாள்.

ஒரு காலை, கிணற்றில் தண்ணீர் அள்ளும்போது தொடையில் சூடாய் ஏதோ வழிந்தது. வாளி கையை விட்டுக் கிணற்றுக்குள் போயிற்று. பாய், மண் தரை, மெழுகுக் கால்கள், எல்லாம் ஒருங்கே கண்முன்னால் வந்தன. கொஞ்ச நேரம் கழித்துத்தான் வயிற்றில் அந்தப் பழைய, மாதாமாதம் வருகிற வலி தெரிந்தது. கிணற்றுக் கட்டைப் பிடித்தபடி நிலத்தில் இருந்தாள். கால் கழுவ வாளி இல்லை. அதை நினைத்துத்தான் முதலில் அழுதாள்.

ஒப்பிறேசனுக்குக் கேட்க ஆஸ்பத்திரிக்குப் போகிற நாள் அவள் தனியே பஸ்ஸுக்கு வெளிக்கிட்டாள். தரிப்பிடத்தில் சிமியோன் நின்றான், பூசைக்குப் போடுகிற வெள்ளைச் சேட்டோடு. பஸ் வந்ததும் முதலில் ஏறி அவளுக்கு இடம் பிடித்தான்.

"நீர் சம்மதமோ?" என்று டொக்டர் அவனைக் கேட்டார்.

"நான் கடலுக்குப் போறவன் ஐயா, எனக்கு உது விளங்காது. பெத்தது அவள். அவளைக் கேளுங்கோ."

டொக்டர் யசிந்தாவைப் பார்த்தார். இத்தனை நாளும் கேட்கச் சொல்லி அடம்பிடித்தவளுக்கு, கேட்டபோது பயம்தான் வந்தது. கத்திக்குப் பயம். மயக்க மருந்துக்குப் பயம். சுவாமியிடம் பாவசங்கீர்த்தனத்தில் என்ன சொல்வது என்ற பயம். அவ்வளவு பயத்தோடும் "ஓம்" என்றாள்.

ஸ்ரெல்லாவுக்குப் பிள்ளை தங்கிவிட்டது, அந்த வழி இருக்கவில்லை. மாசியில், நிலவு நாளில், அவளைப் பிள்ளைப்பேற்று வார்ட்டுக்குள் கொண்டுபோனார்கள். யசிந்தா வெளி விறாந்தையில் செபமாலையை உருட்டிக்கொண்டு நின்றாள். தன் உயிருக்குப் பயந்தது ஒரு பயமா, இதுவல்லவா பயம் என்று இருந்தது. உள்ளே ஸ்ரெல்லாவின் குரல் கேட்டது. டொக்டரையும் புருஷனையும் யசிந்தாவையும் பேர் சொல்லித் திட்டியது. பிறகு அந்தக் குரல் நின்றுவிட்டது. யாரோ வேகமாய் நடந்தார்கள், ஒரு கதவு சாத்தியது. யசிந்தாவின் விரலில் மணி நகரவில்லை.

பொழுது சரிந்த நேரம்தான் உள்ளே விட்டார்கள். ஸ்ரெல்லா வெளுத்துப்போய்க் கிடந்தாள். பக்கத்தில் ஒரு துணிப் பொட்டலம் அசைந்தது.

"பெட்டைப்பிள்ளை," என்றாள். "உன்ரை பேர் வைப்பன் எண்டு கனவு காணாதை."

யசிந்தா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எங்கோ ஒரு கோவிலில் திரிகால மணி அடித்தது.

"மணி அடிக்குது," என்றாள் ஸ்ரெல்லா கண்ணை மூடியபடி. "உந்தக் குளிசையை நான் எப்ப துடங்கவேணும் எண்டு மருத்துவிச்சியம்மாவைக் கேட்டுக்கொண்டு வா. நீயாய் ஒண்டும் சொல்லாதை. அவ சொல்லுறதை அப்படியே வந்து சொல்லு."

யசிந்தா அடுத்த நாளே மருத்துவிச்சியைத் தேடிப் போய்க் கேட்டாள். ஞானாம்பிகை சொன்னார். விளங்கினதோ என்றும் கேட்டார். யசிந்தா தலையாட்டவில்லை.

"இன்னொருக்கால் சொல்லுங்கோ அம்மா," என்றாள்.