கடைசிக் குவியல்

மாதம் பதினைந்தாம் தேதி ஆனால் திருவொற்றியூர்க் குப்பத்தில் பெண்களின் போன்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கூவும். அரசு தரும் மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் கணக்கில் ஏறிவிட்டது என்ற சேதி. அந்த மாதம் மங்கம்மாவின் போன் மட்டும் ஊமையாக இருந்தது.

குழாயடியில் தம்பி பெண்டாட்டி பவானி தன் போனை நீட்டிக் காட்டினாள்.

"எனுக்கு வந்துட்ச்சி அண்ணி. உனுக்கு நாளிக்கு வரும், வுடு."

மறுநாளும் வரவில்லை. மங்கம்மா மீன் கூடையை வீட்டில் இறக்கிவைத்துவிட்டு இ-சேவை மையத்துக்குப் போனாள். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் எண்ணைத் தட்டிப் பார்த்தாள்.

"உங்க குடும்பத்துல வருமான வரி கட்டுறவர் இருக்காரும்மா. அதான் நிறுத்திட்டாங்க."

"யாரு?"

"குமாரவேல்னு இருக்கு."

புருஷன் பெயரைக் கேட்டதும் மங்கம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவுரு கட்றது லுங்கியும் வலையுந்தாம்மா. வேற எதுவும் கட்டத் தெரியாது."

வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். சாயங்காலத்துக்குள் குப்பம் முழுக்கச் சேதி பரவிவிட்டது. "மொதலாளியம்மா, ஒரு ஆயிரம் கடன் குடேன்" என்று மீன்காரப் பூவம்மா வழிமறித்துக் கேட்டாள். மங்கம்மா அதற்கும் சிரித்தாள்.

முதலாளி என்பது குமாரவேலுக்கு வெகு நாளாக இருந்த கேலிப் பெயர். காசிமேட்டில் நின்ற விசைப்படகு அவர் பெயரில்தான் பதிவாகியிருந்தது. ஆனால் அதை மூன்று பேர் சேர்ந்து வாங்கினார்கள். மங்கம்மாவின் நகை ஒரு பங்கு. அவள் தம்பி திருமுருகன் ஒரு பங்கு. குமாரவேலின் கூட்டாளி வல்லரசு ஒரு பங்கு. குமாரவேல் குடிக்க மாட்டார், கையெழுத்து ஒழுங்காகப் போடுவார். ஆகவே பதிவு அவர் பெயரில் என்று மற்ற இருவரும்தான் சொன்னார்கள். எழுத்து ஒன்றும் கிடையாது. படகின் முன்முனையான அணியத்தில் கற்பூரம் ஏற்றி மூவரும் கை வைத்தார்கள். அதற்கு மேல் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்பது அவர்களுக்குள் முகத்தில் காறித் துப்புவதற்குச் சமம்.

முன்பு மீன் விற்ற பணம் ரொக்கமாகக் கைக்கு வந்தது. பிறகு இறாலும் கணவாயும் எடுக்கும் கம்பெனிகள் வங்கியில்தான் போடுவோம் என்றன. பணம் குமாரவேல் கணக்கில் ஏறியது. அவர் முழுவதையும் எடுத்துவருவார். வீட்டு வாசலில் தார்ப்பாயை விரித்து, டீசலுக்கும் ஐஸுக்கும் ஆட்களுக்கும் ஒதுக்கிவிட்டு, மிச்சத்தை மூன்று குவியலாக வைப்பார். மற்ற இருவரும் பார்த்து எடுத்துக்கொள்வார்கள். கடைசியாகக் கிடக்கும் குவியல் அவருடையது. பிரித்தவன் கடைசியில் எடுக்க வேண்டும் என்பது அவர் கணக்கு.

"போன்லியே போட்டு வுடேன் மாமா. நானு அங்கேர்ந்து இங்க வந்துகினு கீறேன்" என்று திருமுருகன் ஒருமுறை சொன்னான்.

"பங்குன்னா கைல குடுக்கணும் மச்சான். போன்ல போட்டா அது வேற இன்னாவோ மாரி கீது."

இந்தப் பழக்கம்தான் பின்னால் அவர் கழுத்தைப் பிடித்தது.

மகள் சினேகா கல்யாணமாகி மணலியில் இருந்தாள். அங்கே ஓர் ஆலையில் மீட்டர்களைச் சரிபார்க்கும் வேலை. ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்போடு வந்து வரித் துறையின் தளத்தைத் திறந்தாள். நோட்டீஸ்கள் ஒன்றின் கீழ் ஒன்றாக வந்திருந்தன. எதற்கும் பதில் போகவில்லை. பான் அட்டைக்கு எழுதிக்கொடுத்த பிரவுசிங் சென்டர்காரர் தன் மின்னஞ்சலையே போட்டிருந்தார். பிறகு கடையைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டார். பதில் வராததால், கணக்கில் ஏறிய பணம் முழுவதையும் குமாரவேலின் வருமானம் என்று எடுத்துக்கொண்டு ஆணை போட்டிருந்தார்கள். வரி, அதன் மேல் வட்டி, அதன் மேல் அபராதம். படகை விற்றாலும் போதாது.

குமாரவேல் திரையைப் பார்த்தார். "என் கைல நிக்காத துட்டுக்கா?"

"மீட்டர் சரியாத்தான் காட்டுது நைனா. மாட்டுன எடம்தான் தப்பு. மூணு வூட்டுக்குப் போற தண்ணி, ஒன் வூட்டு மீட்டர் வழியா போய்கினு இருந்துருக்குது."

"அப்ப மத்த ரெண்டு பேரும் சொன்னா முடிஞ்சிது. சொல்லுவாங்க. இன்னா கஷ்டம்?"

தண்டையார்பேட்டையில் ஒரு கிடங்கின் மாடியில் ஆடிட்டர் சங்கரநாராயணனின் அலுவலகம். அவரும் அதையேதான் சொன்னார். மேல்முறையீடு செய்யலாம். பணம் மூன்று பேருக்கும் போனது என்று மற்ற இரண்டு பேரும் எழுதிக்கொடுத்தால் போதும், சுமை பெரும்பகுதி இறங்கிவிடும். "போன்ல அனுப்பியிருந்தீங்கன்னா அவங்க வரவே வேண்டியதில்ல. பரவால்ல, கூட்டிட்டு வாங்க."

அடுத்த வாரம் ஐந்து பேரும் ஒன்றாகப் போனார்கள். வல்லரசு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். பேருந்தில் திருமுருகன்தான் எல்லோருக்கும் டிக்கெட் எடுத்தான். தம்பி பொறுப்பாக இருக்கிறான் என்று மங்கம்மா நினைத்துக்கொண்டாள்.

ஆடிட்டர் தாளை எடுத்துவைத்துக்கொண்டு கேட்டார். "நீங்க ரெண்டு பேரும் படகுல பங்குதாரர்கள். சரிதானே?"

திருமுருகன் தரையைப் பார்த்தான். "இல்ல சார். நாங்க கூலிக்குப் போறவங்க."

மங்கம்மாவுக்குக் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று தோன்றியது. குப்பத்தில் யாரும் தன்னைப் பற்றி அப்படிச் சொல்லிக்கொள்வதில்லை. படகில் சோறாக்குகிறவனுக்குக்கூட அரைப் பங்கு என்றுதான் பேச்சு. கூலி என்ற சொல் தொழிற்சாலைக்குப் போகிறவர்களுடையது. கடலுக்குப் போகிறவனை யாராவது அப்படிக் கூப்பிட்டால் அடிதடியாகிவிடும்.

குமாரவேல் லேசாகச் சிரித்தார். "இன்னா மச்சான், சார் கைல தமாசு பண்றே?"

"தமாசு இல்ல மாமா. பங்குன்னு எழுதிக் குடுத்தா எனுக்கும் நோட்டீசு வரும். பவானிக்கு வர்ற ஆயிரம் நின்னுடும். வருமானம் ஜாஸ்தின்னு ஆய்ட்ச்சின்னா மீன்புடி தடைக்காலத்து நிவாரணமும் போய்டும்னு சொல்றாங்கோ. ரெண்டு கொயந்தைங்கோ கீது எனுக்கு. உனுக்கு வந்தது வந்துட்ச்சி. நாங்களும் வந்து அதுல வுழணுமா?"

ஆடிட்டர் வல்லரசைப் பார்த்தார். வல்லரசு சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டே சொன்னார். "அவன் சொல்றதுதான் சார். கூலிதான்."

"அப்படின்னா கூலி போக மீதி எல்லாம் இவரோட லாபம்னு ஆயிடும். தெரியுதில்ல?"

சினேகா மாமனைப் பார்த்து வாயைத் திறந்தாள். குமாரவேல் அவள் கையை அழுத்தினார். அவள் அடங்கிவிட்டாள்.

திரும்பும்போது தம்பியும் வல்லரசும் வேறு பேருந்தில் ஏறினார்கள். குமாரவேல் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார். டோல்கேட் தாண்டியதும் மங்கம்மாவிடம் சொன்னார்.

"வல்லரசு கால் ஒடஞ்சி ஆறு மாசம் படுத்துகினு கெடந்தான். அவன் பங்க நான் தூக்கிகினு போய் அவன் பொண்டாட்டி கைல குடுத்தேன். கூலியா இருந்தா, வேலைக்கு வராதவனுக்கு எவன் குடுப்பான்?"

திருமுருகனைத் தூக்கி வளர்த்தவள் மங்கம்மா. படகுக்குப் போட்ட நகையும் அவளுடையது.

அதற்கு அடுத்த முறை படகு கரைக்கு வந்தபோது அவர் வழக்கம்போலத் தார்ப்பாயை விரித்தார். மூன்று குவியல். மங்கம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த முறையாவது அவர்கள் கூச்சப்படுவார்கள் என்று எதிர்பார்த்தாள். திருமுருகன் குனிந்து நடுவில் இருந்ததை எடுத்து மடியில் கட்டிக்கொண்டான். வல்லரசும் எடுத்தார். குமாரவேல் மிச்சம் கிடந்ததை எடுத்துக்கொண்டு தார்ப்பாயை மடித்தார்.

"இன்னாத்துக்குயா இன்னும் பிரிக்கிறே?" என்று மங்கம்மா கேட்டாள்.

"அவன் வாய்ல வந்தத அவன் சொன்னான். என் கை அப்டிப் பயகலயே."

மற்ற இருவரின் கையெழுத்து இல்லாமல் மேல்முறையீடு அப்படியே நின்றது. மீன்பிடித் தடைக்காலம் வந்தது. படகைக் கரையேற்றி மூவரும் பெயின்ட் அடித்தார்கள். ஒரு காலை குமாரவேல் ஏணியிலிருந்து இறங்கி, பிரஷ்ஷை டப்பாவின் மேல் குறுக்காக வைத்துவிட்டு மண்ணில் உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்று ஆஸ்பத்திரியில் எழுதினார்கள். பாடையில் தலைமாட்டுப் பக்கம் தோள் கொடுத்தவன் திருமுருகன். வழியெல்லாம் அழுதான். அந்த அழுகை பொய் இல்லை என்பது மங்கம்மாவுக்குத் தெரியும். அதுதான் அவளுக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

கருமாதி முடிந்த பிறகு அவன் பவானியோடு வந்தான். மங்கம்மா இருவருக்கும் சோறு போட்டாள். சாப்பிட்டுக் கை கழுவியவன், சுவரில் மாலை போட்டிருந்த படத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்தான்.

"அக்கா, வரிக்காரங்கோ படகுல கை வெக்கிறதுக்கு முன்னாடி வித்துடலாம். ஆளு கீது. வாரிசுன்னு நீ ஒரு கையெழுத்து போட்டா போதும்."

"வித்து?"

"இன்னாக்கா, தெரியாத மாரி கேக்குறே. மூணு பங்கு. என்னுது, வல்லரசுது, மாமாவுது உனுக்கு."

பங்கு. அந்தச் சொல் எங்கேயும் தடுக்காமல் அவன் வாயிலிருந்து வந்தது.

"இத அந்த ஆடிட்டர் கைல வந்து சொல்றியா?"

அவன் பவானியைப் பார்த்தான். பவானி புடவைத் தலைப்பைப் பார்த்தாள்.

"அது எப்டிக்கா இப்ப போய்..."

மங்கம்மா எச்சில் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள்.

"கூலி பாக்கி எதுனா கீதா முருகா? இருந்தா சொல்லு. குடுத்துட்றேன்."

திருமுருகன் எழுந்தான். செருப்பை மாட்டிக்கொள்ளாமல் கையில் எடுத்துக்கொண்டு போனான். பவானி பின்னால் ஓடினாள். மங்கம்மா தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சினேகா வந்தாள். செத்தவர் பேரில் இருக்கும் வரிக்கு இனி வாரிசுதான் பதில் சொல்ல வேண்டும். ஆனால் அவர் விட்டுப்போன சொத்துக்கு மேல் கேட்க முடியாது. ஆகவே படகில் அவர் பங்கு எவ்வளவு என்று எழுத வேண்டும். மாமன் கையெழுத்து இல்லாமல் மூன்றில் ஒன்று என்றால் வரித் துறை நம்பப்போவதில்லை, நம்பினால் மீதி இரண்டும் மாமனுக்கும் வல்லரசுக்கும் என்று ஆகிவிடும் என்றும் சொன்னாள்.

"முழுசும் நைனாவுதுன்னு எழுதினா, மாமாவும் வல்லரசும் பங்கு கேக்க முடியாது. வரிக்குப் போனாலும் போவுது, அவங்களுக்குப் போவாது. இன்னா எழுதட்டும்?"

மங்கம்மா வாசலைப் பார்த்தாள். மடித்துவைத்த தார்ப்பாய் மூலையில் அப்படியே கிடந்தது.

"மூணுல ஒண்ணுன்னே எழுது."

"யம்மா."

"அவுரு கடைசியா எட்த்தது அவ்ளோதான். எழுது."

சினேகா கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டச்சு செய்தாள். மற்ற பங்குதாரர்களின் பெயர் கேட்ட இடத்தில் நிறுத்தி அம்மாவைப் பார்த்தாள். மங்கம்மா தம்பியின் முழுப் பெயரையும் ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள்.