பல் பதிந்த வெள்ளி ஸ்பூன்

பழைய இங்கிலீஷ் வெள்ளி ஸ்பூன் சேர்ப்பதும் மதிப்புச் சொல்வதும் ஒரு தொழிலா என்று என் வீட்டில் கேட்கிறார்கள். பழம்பொருள் பைத்தியம் பிடித்த சகாக்களே, உங்கள் வீட்டிலும் கேட்பார்கள். வீட்டில் நான் சொல்லாத சங்கதிகள் இவை.

தேய்ந்த ஓரம்

கப்பல் வியாபாரம் செய்த குடும்பத்து பாய் ஒருவர், பாட்டனார் பினாங்கில் புதிதாக வாங்கிய ஸ்பூனைக் கொண்டுவந்தார். வேறு வீட்டில் புழங்கியதே இல்லையாம். லென்ஸில் பார்த்தேன். பிடியின் பின்புறம் நடக்கிற சிங்க முத்திரை. அசல் இங்கிலீஷ் வெள்ளி. வலது கையால் சாப்பிட்டால் நுனியில் இடது ஓரம் தேயும். இதில் வலது ஓரம் தேய்ந்திருந்தது. "உங்க வீட்ல யாரோ இடதுகைக்காரர்" என்று பெருமையாக அளந்தேன். பாய் ஸ்பூனைத் துணியோடு என் பக்கம் தள்ளினார்.

"எங்க வீட்ல ஒருத்தரும் இடது கையால சாப்பிட மாட்டாங்களே. அப்ப இத்தன வருஷமா இதுல சாப்பிட்டது யாருங்க?"

நான் செய்த உபகாரம்

தலத்தெரு ஸ்டெல்லா டீச்சர் கொண்டுவந்தது குழந்தை ஸ்பூன். மகனின் ஞானஸ்நானத்துக்கு ஞானத்தகப்பன் லண்டனிலிருந்து வாங்கிவந்தது. எவ்வளவு பழசு என்று தெரிந்தால் போதும் என்றார். முத்திரையில் ஆண்டுக்கு ஓர் எழுத்து உண்டு, பார்த்துவிடலாம். ஆனால் குழியில் நான்கு சின்னப் பள்ளங்கள். பள்ளம் இருந்தால் மதிப்பு குறையும். நம்மவர்கள் எல்லாரும் செய்வதுதான், கட்டையில் வைத்து அழுத்தி, தேய்த்து, பளபளவென்று கொடுத்தேன். டீச்சர் கட்டைவிரலால் குழியைத் தடவிக்கொண்டே இருந்தார். பிள்ளையைச் சுனாமி கொண்டுபோனது எனக்குத் தெரியும். உடல் கிடைக்காதது தெரியாது. அன்றைக்குப் போல என் மேல் எனக்கே வெறுப்பு வந்ததில்லை.

"அது அவன் பல்லுங்க. அவன் இருந்ததுக்கு என்கிட்ட அது மட்டுந்தான் இருந்துச்சு."

மறுபடியும் டீச்சர்

மூன்று மாதம் கழித்து வந்தார். நான் மன்னிப்புக் கேட்பதற்குள் ஸ்பூனை மேஜையில் வைத்தார். குழியில் நான்கு பள்ளங்கள், அதே இடத்தில். அழுத்தி நிமிர்த்திய வெள்ளி தானாகக் குழியாது. யாராவது கடித்தால்தான் உண்டு. டீச்சர் வீட்டில் தனியாள். ஸ்பூனை பீரோவில் பூட்டி வைத்திருந்தாராம். லென்ஸை வைத்துப் பார்த்தேன். பக்கத்தில் இன்னும் இரண்டு, விளிம்பு மழுங்காமல், புத்தம் புதிதாக. லென்ஸைத் துடைத்து மறுபடியும் பார்த்தேன். டீச்சர் சிரித்த முகமாக இருந்தார்.

"ஆறு ஆயிடுச்சு, பாத்தீங்களா? புள்ள வளர்றான்."

ஸ்பூனுக்கு என்ன வயது என்று கேளுங்கள், டக்கென்று சொல்கிறேன். சாப்பிடுகிற ஆளைப் பற்றி மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.