ஆமா என்று சொன்னதால் வந்த ஆமை

கரை ஒதுங்கிய சாமான்களை வைத்துச் சிற்பம் செய்கிறவர்களுக்கு, உலகத்தில் சுத்தபத்தமாக இருக்கிற எல்லோரும் எதிரிகள்தான். என்னைப் போல் இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டவர்கள் இதைப் படித்தால் தலையை ஆட்டுவார்கள். மற்றவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். நான் திருநெல்வேலியில் பிறந்து திருவனந்தபுரத்துக் கரமனைக்கு வாழ்க்கைப்பட்டவள். கடற்கரையில் கிடக்கும் மிதவை, கயிறு, செருப்பு, அறுந்த வலை என்று எல்லாவற்றையும் பொறுக்கி வந்து உருவம் கட்டுகிறேன். அதுவரை செய்தவை தெரிந்தவர்கள் வீட்டு வரவேற்பறைகளில்தான் நின்றன. முதல்முறையாக விழிஞ்ஞத்தில், கடலைப் பார்த்தபடி, பொது இடத்தில் ஒன்று வைக்க வார்டு மெம்பர் சம்மதித்தார். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார். பராதி என்றால் இங்கே புகார். "நாட்டுக்காரங்க ஒராள் வந்து இது குப்பைன்னு பராதி சொன்னா, அடுத்த நாள் லாரி வரும் மேடம். அப்புறம் என்னைக் குற்றம் பறயக்கூடாது."

வாய் தவறிய ஒரு சொல்

நான் கட்ட நினைத்தது கொக்கு. ஒற்றைக் காலில் நிற்கும். சாமான் அதிகம் தேவைப்படாது. பழைய வலை கேட்டு விழிஞ்ஞம் போனேன். பீட்டர் என்ற மீனவர் படகு நிழலில் உட்கார்ந்து வலையைச் சரிபண்ணிக்கொண்டிருந்தார். பக்கத்தில் கிழிந்த வலை ஒரு குவியல். கடற்கரையில் சிலை வைக்கப்போகிறவள் என்று சொல்லிக்கொண்டேன். "வல வேணமோ?" என்று கேட்டார். எத்தனை வருஷம் மலையாளம் பேசினாலும் அவசரத்துக்கு என் வாயில் வருவது தமிழ்தான். "ஆமா" என்றேன். மலையாளத்தில் ஆமைக்கு 'ஆம' என்று பெயர். அவர் கண்ணை விரித்து "ஆமயோ?" என்றார். படகு எஞ்சின் சத்தத்தில், நான் சொன்னதைத்தான் திருப்பிக் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். "ஆமா, ஆமா." "வலிய ஆமயோ?" "ஆமா, பெரிசுதான்."

மறுபடி போனபோது, உடைந்த பைபர் படகின் அடிப்பாகம் ஒன்றை நாலு பேர் சுமந்து வந்து 'ஆமைக்கு' என்று எனக்காக வைத்திருந்தார்கள். ஆமை ஓட்டுக்கு அளவெடுத்த மாதிரி இருந்தது. விஷயத்தைப் பீட்டரிடம் மெதுவாக உடைத்தேன்: அண்ணே, நான் செய்ய வந்தது கொக்கு. அவர் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "கொக்கு நம்ம மீனைக் களவாணுற சாதனம் சேச்சி, அதுக்கு எதுக்கு செல வைக்கணும்? ஆம போதும்."

வாசல் நிறையச் செருப்பு

ஆமையின் துடுப்புக் கால்களுக்கு ஒற்றைச் செருப்புகளைச் சேர்த்தேன். கடல் எதையும் ஜோடியாகத் திருப்பித் தருவதில்லை. உப்புப் போகக் கழுவி, எங்கள் வீட்டு வாசலில் வரிசையாகக் காயவைத்தேன். எதிர்வீட்டு மாமா நின்று பார்த்துவிட்டு, "இத்தனை பேர் வந்திருக்கா, ஆத்துல என்ன விசேஷம்? எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லலையே" என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். உள்ளே அழைத்து, காலி வீட்டைக் காட்டி, காப்பி கொடுத்து அனுப்பினேன்.

காய்ந்ததும் சாக்கில் கட்டி, ஆட்டோவில் ஏற்றுவதற்காக கேட் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போனேன். எங்கள் ஊரில் பிளாஸ்டிக்கைக் கழுவி, உலர்த்தி, கட்டி வாசலில் வைத்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். வீடுவீடாக வந்து அதைச் சேகரிக்கும் சோபனா எடுத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த தெருவில் ஓடிப்போய்ப் பிடித்தேன். ஆமையின் நாலு காலும் அவர் வண்டியில் இருந்தன. திருப்பித் தரும்போது அவருக்கு நிஜமாகவே வருத்தம். சுத்தத்துக்கு இங்கே விருத்தி என்று பெயர். "இவ்வளவு விருத்தியா ஆரும் தந்ததில்லை மாமி. மத்த வீட்டுக்காரங்களுக்குக் காட்டணும்னு தனியா எடுத்து வச்சேன், கேட்டோ."

தலைக்கு மட்டும் தடை

மழை பிடித்துக்கொண்டது. சாலைக் கடைத்தெருவில் இரும்புக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். வெல்டிங் செய்ய அவருடைய குடோனின் பின்பக்கத்தை ஒழித்துக் கொடுத்தார். கம்பிக்கூடு கட்டி, அதன்மேல் பைபர் ஓட்டை ஏற்றியதும் வந்து பார்த்தார். "இது என்னது அக்கா?" என்றார். "ஆமை" என்றேன். மனிதருக்கு முகம் செத்துவிட்டது.

ஆமை படியேறிய இடம் விளங்காது என்ற பயம் நம்மவர்களுக்குத் தாய்ப்பாலோடு வந்தது. பீட்டருக்கு அது ஒரு பிராணி. கடை வைத்திருக்கும் தமிழருக்கு அது கடையைச் சாத்தச் சொல்லும் நோட்டீஸ். திருநெல்வேலிக்காரியான எனக்கு இது எப்படித் தோன்றாமல் போனதோ! மழையில் வெளியே தள்ளினால் செய்த வேலை பாழாகிவிடும். கடற்கரையில் மெம்பர் கொடுத்த இடமும் கை நழுவிவிடும். கெஞ்சினேன். அண்ணாச்சி கல்லாவில் போய் உட்கார்ந்து யோசித்தார். பிறகு எழுந்து வந்து, கறுப்பு மிதவையில் நான் செய்து வைத்திருந்த தலையைத் தூக்கித் தெருவில் நின்ற ஆட்டோவில் வைத்தார். "தலையக் கடலுக்குப் போயி மாட்டிக்கிடுங்க. தலை இல்லாத வரைக்கும் அது கவுத்துப்போட்ட சட்டிதான்."

பராதி வந்தது

விழிஞ்ஞத்தில் ஆமையை நிறுத்தித் தலையை மாட்டினேன். கடைசியாக, பீட்டர் கொடுத்த வலையைக் கழுத்திலும் முன்கால்களிலும் இறுக்கிச் சுற்றினேன். கடலில் கைவிட்ட வலை என்ன செய்கிறது என்று பார்க்கிறவர்களுக்கு உறைக்க வேண்டும். என் சிற்பத்தின் உயிரே அந்தச் சுற்றில்தான் இருக்கிறது என்று நம்பினேன்.

ஒரு வாரம் போயிருக்கும். மெம்பர் போன் செய்து, "பராதி வந்திருக்கு மேடம், வாங்க" என்றார். லாரி நிற்கும் என்று நினைத்துப் போனேன். லாரி இல்லை, ஆமை இருந்தது. அதன் கழுத்தில் வலைதான் இல்லை. அறுத்த வலை பக்கத்தில் ஒழுங்காகச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. கையில் கத்தியோடு பீட்டர் நின்றார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. மெம்பர் என்னைச் சமாதானப்படுத்தினார்: ஒருவர்கூடக் குப்பை என்று சொல்லவில்லை, ஆமைக்கு மூச்சு முட்டுகிறது என்பதுதான் புகார், வலை போனதால் அதுவும் தீர்ந்தது, ஆமை இங்கேயே நிற்கட்டும். கேட்டதும் மணலிலேயே உட்கார்ந்துவிட்டேன். சந்தோஷத்தில் வந்த அழுகையை மறைக்கவும் இல்லை. திட்டு விழப்போகிறது என்று பீட்டர் முந்திக்கொண்டார். "இதுவழி போறப்ப எல்லாம் அது நம்மளையே நோக்குது சேச்சி. வலையில கெடக்கற ஆமய அறுத்து விடாம ஒருத்தன் எப்படி வீட்டுக்குப் போறது?"

பொறுக்குவதும் கட்டுவதும் நம் பாடு. வேலை முடிந்ததா இல்லையா என்று சொல்வது மட்டும் கத்தி வைத்திருக்கிறவர் பாடு.