பனிச்சறுக்கை ஏன் விட்டேன்

மாப்பிள்ளை வீட்டார் றிச்மண்ட் ஹில்லிலிருந்து ரொறன்ரோவின் மல்வேர்ன் பகுதியில் உள்ள எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்து இறங்கியபோதே எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. மாப்பிள்ளையை நினைத்து அல்ல, அவர்கள் கேட்கப்போகிற ஒரேயொரு கேள்வியை நினைத்து.

நான் ஜெர்மனியில் பிறந்தவள். அகதியாய்ப் போன அம்மாவையும் அப்பாவையும் அரசாங்கம் ஒரு மலையூரில் கொண்டுபோய் வைத்தது. அங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லோரும் பனிச்சறுக்குப் பழகுவார்கள், நானும் பழகினேன். மலையுச்சியிலிருந்து சர்ரென்று இறங்குவது அல்ல, காட்டுக்குள் கிலோமீற்றர் கணக்கில் ஏறி இறங்கி ஓடுவது. அந்த நாட்டு அணிக்காகப் பல வருடம் ஓடினேன். பதக்கங்களைவிட நாலாம் இடங்கள்தான் அதிகம். பிறகு ஒரு போட்டியின் நடுவில் நெஞ்சுத் துடிப்பு தாறுமாறாகி மயங்கி விழுந்தேன். இனிப் போட்டியே வேண்டாம் என்றார் டொக்டர். அப்பா இறந்தபின் ரொறன்ரோவில் என் தம்பியோடு இருந்த அம்மாவிடம், "அலுத்துப்போச்சு, விட்டிட்டன்" என்று மட்டும் சொல்லிவிட்டு நானும் வந்து சேர்ந்தேன்.

பலகாரத் தட்டு ஒரு சுற்று வந்தது. மாப்பிள்ளையின் தாய் நேராகவே கேட்டார்.

"முப்பத்திரண்டு வயசிலை றிட்டயரோ? ஏன் பிள்ளை விட்டனீர்?"

அம்மா முந்திக்கொண்டார். "கலியாணத்துக்காகத்தான். குடும்பம் எண்டு வந்தால் உதெல்லாம் சரிவருமே?"

அம்மா பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்பியிருந்தார். நான் தலையாட்டினால் போதும், கதை முடிந்துவிடும். ஆனால் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உயிராய் நினைத்த ஒன்றை ஒரு தாலிக்காகத் தூக்கி எறிந்தவள் என்று இவர்கள் காலம் முழுக்க என்னை மெச்சப்போகிறார்கள். அதைக் கேட்டுக்கொண்டு வாழ என்னால் முடியாது. அம்மா முன்னால் உண்மையைச் சொல்லவோ அதைவிடப் பயம்.

"இல்லை அன்ரி, எனக்கு நெஞ்சிலை வருத்தம். ஓடேக்கை மயங்கி விழுந்தனான். அதாலைதான் விட்டனான்."

மாப்பிள்ளையின் தாய் தேநீர்க் கோப்பையை மெல்ல வைத்துவிட்டு மகனைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். இத்தனை பேர் முன்னால் மானத்தை வாங்கிவிட்டாயே என்று சீறப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவரோ வந்தவர்களை மறந்தே போனார்.

"நீ விழேக்கை ஆர் பிள்ளை பக்கத்திலை நிண்டது?"

அந்தப் போட்டியில் இடைவெளி விட்டு ஒவ்வொருவராகத்தான் அனுப்புவார்கள். காட்டுக்குள் போனால் முன்னாலும் பின்னாலும் எவரும் தெரியமாட்டார்கள்.

"ஒருத்தரும் இல்லையம்மா" என்றேன்.