அண்ணன் கேட்ட ஈர விறகு

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்கள் எல்லோருக்கும் அண்ணன் அவர்களின் ஒரு வழக்கம் தெரியும். யார் வீட்டு இழவானாலும் சுடுகாட்டில் கடைசி ஆளாக நிற்பார். புகை போகும் பக்கம் அண்ணாந்து பார்ப்பார். ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

தேவதானத்தில் பிறந்து, சிறுவயதிலேயே தந்தையை இழந்து, ராஜபாளையத்துப் பஞ்சாலையில் எண்ணெய்த் துணியோடு வளர்ந்தவர். இன்ஜின் சத்தத்தைக் கேட்டே அதன் நோயைச் சொல்வார். யுத்த காலத்தில் விமானம் பழுதுபார்க்கும் வேலைக்குப் போனார். பழுது நீக்கியவரே உடன் பறந்து காட்ட வேண்டும் என்பது அங்கே வழக்கம்.

அப்படி ஒரு முற்பகலில், அப்போது நாங்கள் குடியிருந்த ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேலே, இன்ஜின் இரண்டு முறை இருமி நின்றுவிட்டது. மறுபடி முடுக்கியும் பிடிக்கவில்லை. இறக்கைக் கம்பிகளில் காற்று முனகியது. கீழே துவைகல்லில் துணி அடிக்கும் ஓசை, யாரோ யாரையோ பெயர் சொல்லி அழைக்கும் ஓசை. செத்தவர்களுக்கு ஊர் இப்படித்தான் கேட்குமோ என்று நினைத்தாராம்.

"சார், ராஜபாளையம் வரைக்கும் இழுத்துப் பாப்பமா?"

பைலட் பாளையங்கோட்டைக்காரர், இளையவர். "ஆசப்பட்டு மூக்கத் தூக்குனா கல்லு மாதிரி விழுவோம், அண்ணாச்சி. கண்மாய் வறண்டு கெடக்கு, அங்கதான் எறங்கணும். காத்த எதுத்து எறங்கலைன்னா கரையில மோதிருவோம். பொகை எங்கிட்டுச் சாயுதுன்னு பாத்துச் சொல்லுங்க."

அண்ணன் பார்த்தார். பால்கோவா அடுப்புகளின் புகை, கூரைகளின் புகை. பார்க்கப் பார்க்க ஒவ்வொன்றாக அற்றுப்போயின. ஊரே மூச்சை அடக்கிக்கொண்டது. விமானம் வந்தால் விளக்கை மறைக்கச் சொன்ன உத்தரவை நம் ஊரார் பகல் அடுப்புக்கும் சேர்த்தே எடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டு அடுப்பிலும் அண்ணன் மனைவி, எங்கள் மதினி, கழனித் தண்ணீரை ஊற்றினார்.

ஒரே ஒரு புகை மட்டும் மிஞ்சியது. ஊருக்கு வெளியே, மேற்கே மலைப் பக்கம் சாய்ந்து.

"கெழக்குக் காத்து, சார்."

விமானம் மேற்கே சுற்றித் திரும்பி, கிழக்கு நோக்கிக் கண்மாய்க்குள் இறங்கி, கரைக்குச் சற்று முன்னால் நின்றது. அண்ணன் அந்தப் புகையைத் தேடி நடந்தார். அது ஒரு சிதை. பிள்ளைப்பேற்றில் இறந்த நெசவாளர் வீட்டுப் பெண். காவலுக்கு நின்றவர் சொன்னார்: "எல்லாரும் அணைங்க, அணைங்கன்னு கத்திட்டு ஓடிட்டாக. இத எப்பிடிய்யா அணைக்க?"

மதினியிடம் பின்னாளில், "என்னயக் கொல்லப் பாத்தவதானட்டி நீ" என்பார். "குண்டு போட வாரது நம்ம வீட்டு ஆளுன்னு எனக்கு எப்பிடித் தெரியும்?" என்பார் மதினி.

கடைசிக் காய்ச்சலில் என் கையைப் பிடித்து ஒன்றே ஒன்று கேட்டார்: "எனக்கு ஈர வெறகும் கலந்து வையிங்க தம்பி. பொகை நல்லாக் கெளம்பணும்."

இரவு பகலாக உடனிருந்த மருத்துவருக்கும், தோள் கொடுத்த மில் தொழிலாளர்களுக்கும், அன்றே வெட்டிய வேப்ப விறகைத் தேடிக் கொண்டுவந்த கடைக்காரருக்கும், பெயர் தெரியாத அந்தப் பெண்ணின் வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

புகை கனமாக எழுந்து மலைப் பக்கம் சாய்ந்தது. வானத்தில் ஒரு சத்தமும் இல்லை; இன்ஜின் நின்ற விமானத்துக்கும் சத்தம் இருக்காது. அதனால்தான் நாங்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம்.