எழுப்பிவிடும் அக்கா

முதலாளியம்மா முதல் சமையல்காரர் வரை எல்லோருக்கும் அவள் அக்காதான். அந்த லாட்ஜின் டெலிபோன் போர்டில் இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்தவள். தங்க வந்தவர்களை விடிகாலையில் போன் போட்டு எழுப்பிவிடுவது அவள் பொறுப்பு. "சரி சரி" என்று முனகிவிட்டு மறுபடி படுக்கிற பேர்வழிகளின் பாச்சா அவளிடம் பலிக்காது. எழுந்து ஜன்னலைத் திறக்கச் சொல்வாள். கொக்கி விடுபடும் சத்தம் காதில் விழுந்தால்தான் போனை வைப்பாள். அப்படி ஒரு பிடிவாதம்!

மாதா மாதம் தண்ணீர் பம்பு விற்க வருபவரை 'பம்பு சார்' என்பாள். அவருக்குக் கல்யாணம் ஆனது, மகள் பிறந்தது, அம்மா தவறியது எல்லாம் எழுப்பும்போது பேசும் அந்த இரண்டு நிமிஷப் பேச்சிலேயே அவளுக்குத் தெரியும். முகம் மட்டும் தெரியாது. போர்டு இருந்ததோ பின்பக்க அறையில். ஒரு தடவையாவது அவரைப் பார்த்துவிட வேண்டும் என்று அவளுக்கு ஆசை.

எதிரே பத்து மாடி ஓட்டல் எழும்பியது. "நாமளும் செல்போனுக்குள்ள போகலேன்னா கடையைக் கட்ட வேண்டியதுதான்" என்றாள் முதலாளியம்மா. தப்புச் சொல்ல முடியாது. அறை பிடிப்பது, கதவு திறப்பது, காலையில் எழுப்புவது எல்லாம் செல்போனுக்குள் போயின. காலியாகக் கிடந்த அறைகள் நிரம்பின. போர்டைக் கழற்றிய அன்று அக்கா அழுதாள். பின்னே, அழாமல் என்ன செய்வாள்? அவளை முன்பக்கக் கம்ப்யூட்டரில் உட்காரவைத்து, இன்டர்நெட்டில் வரும் ரிவ்யூக்களுக்குப் பதில் எழுதச் சொன்னார்கள்.

இனி பம்பு சாரைப் பார்த்துவிடலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். ஆனால் குரலை வைத்துக் கண்டுபிடிக்கலாமென்றால், வருகிறவர்கள் வாயைத் திறந்தால்தானே! குனிந்த தலை நிமிராமல் நேரே அறைக்குப் போனார்கள்.

ஒருநாள் காலை ஒரு ரிவ்யூ வந்தது. "எல்லாம் வசதி. எழுப்பிவிடும் அக்காவைத்தான் காணோம். நல்லா இருக்காங்களா? அடுத்த மாசத்திலிருந்து பம்பு விற்க வேறு ஆள் வருவார். நான் வருவது இதுதான் கடைசி."

கம்ப்யூட்டரில் பார்த்தால், அவர் அறையைக் காலிசெய்து ஐந்து நிமிஷம்தான் ஆகியிருந்தது. வாசலுக்கு ஓடினாள். வண்டிக்காக மூன்று ஆண்கள் நின்றிருந்தார்கள். மூவரிடமும் பெட்டி, மூவர் கண்ணும் செல்போனில். இவர்களில் யாரென்று கண்டாள்?

"சார், நான் நல்லாத்தான் இருக்கேன்" என்றாள் பொதுவாக.

இரண்டு பேர் ஏறிட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்கள். மூன்றாமவர் பெட்டியைக் கீழே வைத்தார்.

"அக்கா, நீங்க நல்ல உயரமா இருப்பீங்கன்னு நெனச்சேன்."

"நான் மட்டும் என்னவாம்? உங்க தலையில முடி இருக்கும்னுல்ல நெனச்சேன்" என்றாள் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டே.